நாயுடன் கடைவீதிக்கு: சேலத்திலும் ஏற்காட்டிலும் நாய் வளர்ப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாயோடு ஒரு கடைக்குள் நுழைவதற்கு நமக்கு உரிமை என்று எதுவும் கிடையாது; கடைக்காரர் மனமுவந்து தரும் இசைவு மட்டுமே உண்டு. அந்த இசைவை எப்படிக் கேட்பது, கேட்பதற்கு முன் நாயை எப்படித் தயார் செய்வது, கிடைத்த பிறகு அதை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்பதை இங்கே எழுதுகிறேன். கன்னங்குறிச்சியில் தெருவில் பிறந்து எங்கள் வீட்டில் வளரும் செவலை என்ற நாட்டு நாயோடு அஸ்தம்பட்டி, அழகாபுரம், செவ்வாய்ப்பேட்டைக் கடைகளுக்கும், அவ்வப்போது ஏற்காட்டுக்கும் ஆறு ஆண்டுகளாகப் போய்வந்து கற்றுக்கொண்டவை இவை. நாயோடு வந்த ஒருவர் நடந்துகொண்ட விதத்தை வைத்துத்தான் அடுத்து வருபவரைக் கடைக்காரர் உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். ஆகவே இதை என் நாய், என் விருப்பம் என்று மட்டும் பார்க்க முடியாது.

முதற்படி: இந்த நாய் கடைக்கு வரத்தக்கதா என்று பாருங்கள்

எல்லா நாயும் கடைவீதிக்கு ஏற்றதன்று. பிறந்த மூன்றாவது வாரம் தொடங்கிப் பதினான்காவது வாரம் வரையிலான காலத்தில் பல மனிதர்களையும் ஓசைகளையும் பார்த்துக் கேட்டு வளர்ந்த குட்டி, பிற்காலத்தில் கூட்டத்தைக் கண்டு மிரளாது. அந்தக் காலத்தை ஒரு மூலையில் கட்டுண்டு கழித்த நாயைப் பெரிதான பின் கடைவீதிக்குப் பழக்குவது முடியாத காரியமில்லை என்றாலும், மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். ராஜபாளையம், கோம்பை போன்ற நம் நாட்டு இனங்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டவை. அறியாத ஆள் கைநீட்டினால் ஐயப்படுவது அவற்றின் இயல்பு, குற்றமன்று. அத்தகைய நாயை நெரிசலான துணிக்கடைக்குள் அழைத்துச் சென்றுவிட்டு அது உறுமியதற்காக அதட்டுவது நியாயமாகாது. ஒருமுறையேனும் ஆளைக் கடித்த நாய், பருவத்தில் இருக்கும் பெட்டை, தடுப்பூசிகள் முழுமையாகப் போடப்படாத குட்டி, நோய்வாய்ப்பட்ட நாய் ஆகியவை வீட்டிலேயே இருக்கட்டும்.

உங்கள் நாய்க்கு இந்தப் பயணம் பிடித்திருக்கிறதா என்பதை அதன் உடலே சொல்லும். வால் இரு கால்களுக்கிடையே ஒடுங்குவது, காதுகள் பின்னோக்கிப் படிவது, பசியோ தூக்கமோ இல்லாதபோதும் உதட்டை நக்கிக்கொண்டு அடிக்கடி கொட்டாவி விடுவது, தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டே கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்ப்பது ஆகிய எல்லாம் அச்சத்தின் அடையாளங்கள். இவற்றைவிட ஆபத்தானது உறைந்து நிற்பது. உடல் விறைத்து, மூச்சை அடக்கி, வாயை மூடிக்கொண்டு அசையாமல் நிற்கும் நாயைப் பார்த்துச் சாதுவான நாய் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். கடிக்கு முந்தைய நொடி பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

இரண்டாம் படி: தடுப்பூசியும் ஆவணமும்

இதில் விலக்கே கிடையாது. வெறிநோய்த் தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று மாதம் நிறையும்போது போட்டு, கால்நடை மருத்துவர் சொல்லும் நாளில் ஊக்க ஊசியையும் போட்டு, பின்னர் ஆண்டுதோறும் தவறாமல் தொடர வேண்டும். டிஸ்டெம்பர், பார்வோ, ஹெபடைடிஸ், லெப்டோ ஆகிய தொற்றுநோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியும் முடிந்திருக்க வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரின் வழியாகப் பரவும் லெப்டோ மனிதருக்கும் தொற்றும் என்பதால், மழைக்காலத்தில் சந்தைப் பக்கம் போகும் நாய்க்கு அந்த ஊசி கட்டாயம் வேண்டும். குடற்புழு மருந்தும் உண்ணி மருந்தும் நாளாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் உண்ணி கடையின் மெத்தை நாற்காலியில் விழுந்தால் போதும், அந்தக் கடையில் உங்களுக்கு இனி இடமில்லை.

தடுப்பூசிப் புத்தகத்தின் பக்கங்களைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்திருங்கள். நாய் உரிமம் பற்றி மாநகராட்சி அலுவலகத்தில் நேரில் விசாரித்து, வேண்டிய பதிவை முடித்துவிடுங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் எண் பொறித்த சிறு தகடு ஒன்று தொங்கட்டும்.

மூன்றாம் படி: வீட்டுத் தரையில் கடையை விரியுங்கள்

கடையில் நாய்க்குத் தேவைப்படுபவை மூன்றே சொற்கள்: ‘இரு’, ‘படு’, ‘விடு’. வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு சொல்லைச் சொன்னால் நாய் குழம்பும் என்பதால், எல்லாரும் ஒரே சொல்லையே சொல்வதென்று முதலில் பேசி முடிவு செய்யுங்கள்.

ஒரு பழைய கோணிப்பையையோ தடித்த துண்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். அதை விரித்தவுடன் அதன்மேல் போய்ப் படுத்தால் தின்பதற்கு ஏதேனும் கிடைக்கும் என்று நாய் அறியும்வரை, ஒரு நாளைக்கு இரு வேளை, ஒவ்வொரு வேளையும் ஐந்து நிமிடம் பழக்குங்கள். முதலில் அரை நிமிடம் படுத்திருந்தாலே போதும். பிறகு இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று நீட்டுங்கள். அது படுத்திருக்கும்போது பையிலிருந்து சில்லறையைக் கொட்டுங்கள், கதவைத் திறந்து மூடுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையை அந்த வழியாக நடக்கச் சொல்லுங்கள். அத்தனைக்கும் எழாமல் இருந்தால், அடுத்த நாள் அதே கோணிப்பையை வாசலில் விரியுங்கள், அதற்கடுத்துத் தெருமுனையில். கோணிப்பை எங்கே விரிகிறதோ அங்கே தன் இடம் இருக்கிறது என்ற நம்பிக்கை நாய்க்கு வந்துவிட்டால், பாதி வேலை முடிந்தது. செவலைக்கு இந்தப் பழக்கம் முழுதாக வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆயிற்று.

ஓசைப் பயிற்சியை நான் முதலில் பொருட்படுத்தவில்லை. அதன் விளைவைச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பாத்திரக்கடையில் பட்டுத் தெரிந்துகொண்டேன். கடைக்காரர் இசைந்துதான் உள்ளே விட்டார். அலமாரியின் மேல்தட்டிலிருந்து எவர்சில்வர் தாம்பாளங்களை இறக்கிக்கொண்டிருந்த பையன் கையிலிருந்து ஒன்று நழுவித் தரையில் விழுந்து, சுழன்று சுழன்று அதிர்ந்தது. செவலை பின்னோக்கி ஒரே இழுப்பாக இழுத்துக் கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு தெருவில் பாய்ந்துவிட்டது. சரக்கு ஆட்டோக்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் நடுவே ஓடி, நிறுத்தியிருந்த ஒரு மினி லாரியின் அடியில் போய் ஒடுங்கியது. அதை வெளியே வரவழைக்க முக்கால் மணி நேரமாயிற்று. பிறகு கடைக்குத் திரும்பிப் போனபோது, அது நின்றிருந்த மொசைக் தரையில் நான்கு பாதங்களின் ஈரம் உலர்ந்த தடம் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதத்தில்தான். அஞ்சும்போது அது கூடுதலாக வியர்க்கும். தட்டு விழுவதற்கு முன்பிருந்தே அந்தத் தடங்கள் பதிந்துகொண்டிருந்திருக்க வேண்டும், நான் குனிந்து பார்க்கவில்லை. தவறு முழுவதும் என்னுடையது. இன்று எந்தக் கடைக்குள் போனாலும் முதல் இரண்டு நிமிடத்தில் தரையைப் பார்க்கிறேன். ஈரத் தடம் தெரிந்தால் பேசாமல் வெளியே வந்துவிடுகிறேன்.

ஆகவே பாத்திர ஓசையை வீட்டிலேயே பழக்குங்கள். நாய் உண்ணும் நேரத்தில் தொலைவில் ஒரு கரண்டியை மெல்லத் தட்டுங்கள். நாளுக்கு நாள் சற்றே அருகில், சற்றே பலமாக. நாய் உண்பதை நிறுத்திவிட்டுத் தலைதூக்கிப் பார்த்தால், நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள். ஒரு படி பின்வாங்குங்கள்.

நான்காம் படி: எடுத்துச் செல்ல வேண்டியவை

மேற்சொன்ன நாளிலிருந்து செவலைக்குக் கழுத்துப் பட்டையோடு மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸும் போடுகிறேன். கயிறு ஹார்னஸில் மாட்டப்படுகிறது, பட்டையில் பெயர்த்தகடு மட்டும் தொங்குகிறது. கயிறு நான்கு அல்லது ஐந்து அடி நீளம் இருந்தால் போதும். பொத்தானை அழுத்தினால் நீளும் வகைக் கயிறு கடைக்குள் ஆகாது. அது நீண்டிருக்கும் நேரத்தில் நாய் ஒருவரைச் சுற்றி வந்தால், கால் சிக்கி விழப்போவது ஒரு முதியவராக இருக்கலாம். இரும்புச் சங்கிலியும் வேண்டாம்.

வாய்க்கூடை எனப்படும் கூடை வடிவ மூடி ஒன்றைப் பழக்கி வைப்பது எந்த நாய்க்கும் நல்லது. வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை வேறு, கூடை வேறு. நாய் தன் உடற்சூட்டை மூச்சிரைத்துத்தான் தணித்துக்கொள்கிறது. துணிப்பட்டை அதைத் தடுத்துவிடும், கூடையோ வாயைத் திறந்து இரைக்கவும் நீர் குடிக்கவும் இடம் தரும்.

தண்ணீர்ப் புட்டி, மடக்குக் கிண்ணம், கோணிப்பை, பழைய செய்தித்தாள், ஒரு பழந்துணி, சிறு புட்டியில் வினிகர் கலந்த நீர் ஆகியவற்றை ஒரு தோள்பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. மலத்தை எடுக்கச் செய்தித்தாளே போதும். நான்காக மடித்துக் கைக்கு உறைபோலப் பிடித்து அள்ளி, அப்படியே உட்புறமாகச் சுருட்டிவிடலாம்.

ஐந்தாம் படி: நாயில்லாமல் போய்க் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டுமே கடைப்பிடிக்க முடியும் என்றால், இதையே கடைப்பிடியுங்கள். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று “உள்ளே வரலாமா?” என்று கேட்பது, கேட்பதாகவே ஆகாது, முகத்துக்கு நேரே மறுக்க மனமில்லாமல் பலர் தலையாட்டிவிடுவார்கள், அந்த இசைவில் மனம் இருக்காது. முந்தைய நாள் தனியாகப் போய், ஏதேனும் வாங்கிவிட்டு, வாடிக்கையாளர் இல்லாத வேளையில் கேளுங்கள்: “அண்ணா, வீட்டுல ஒரு நாய் வளக்கறேனுங்க. ஊசியெல்லாம் போட்டிருக்கு. நாளைக்குச் சாயங்காலம் கூட்டிட்டு வந்து இப்படி ஓரமா நின்னா உங்களுக்குத் தொந்தரவு ஏதுமில்லீங்களா?” அவர் ஒரு நொடி தயங்கினால், அந்தத் தயக்கத்தையே மறுப்பாக எடுத்துக்கொண்டு, “பரவாயில்லீங்கண்ணா, நான் தனியாவே வந்து வாங்கிக்கறேன்” என்று நீங்களே முடித்துவிடுங்கள். அடுத்த முறை அவரே கூப்பிடக்கூடும். கூப்பிடாவிட்டாலும் கடைக்காரரின் நட்பு கெடாமல் இருக்கும்.

கேட்பதற்கும் போவதற்கும் நேரம் உண்டு. காலையில் கடை திறந்து, வாசல் தெளித்து, சாம்பிராணி காட்டி, போணி ஆகும்வரை நாயோடு அந்தப் பக்கம் போகவே வேண்டாம். முதல் வியாபாரம் எப்படி அமைகிறது என்பது கடைக்காரருக்கு அன்றைய நாளையே தீர்மானிக்கும் விஷயம். அந்த வேளையில் வாசலில் ஒரு நாய் நின்றதால் வந்தவர் திரும்பிப் போனார் என்றால், அது அவர் மனத்தில் நெடுநாள் நிற்கும். வெள்ளிக்கிழமைகளிலும் மாலை விளக்கு வைக்கும் நேரத்திலும் இதே கவனம் வேண்டும்.

எந்தக் கடையிலிருந்து தொடங்குவது? என் பரிந்துரை இஸ்திரி வண்டி. மரத்தடியில் திறந்த வெளியில் நிற்கிறது, தின்பண்டம் இல்லை, கூட்டம் இல்லை, வண்டிக்காரருக்குத் தெருவில் எல்லாரையும் தெரியும். தேய்த்த துணியில் முடி ஒட்டாதபடி நான்கு முழம் தள்ளி நில்லுங்கள். அடுத்ததாகச் சைக்கிள் கடை, ஹார்டுவேர் கடை, செடி விற்கும் நர்சரி. தையற்கடையும் நகைக்கடையும் துணிக்கடையும் நாய் நன்கு பழகிய பிறகே. மருந்துக்கடையில் நோயாளிகள் நிற்பார்கள் என்பதால் வெளியில் கூட நிறுத்த வேண்டாம்.

உணவகங்களைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த உரிமம் மற்றும் பதிவு ஒழுங்குமுறைகளின் நான்காம் அட்டவணை, உணவு நிறுவன வளாகத்தில் விலங்குகள், பறவைகள், வளர்ப்புப் பிராணிகள் ஆகியவற்றை அனுமதிக்கக் கூடாது என்கிறது. ஆகவே ஓட்டல்காரர் மறுத்தால் அவர் தம் உரிமத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்; அவரோடு வாதாடுவது முறையன்று. வாங்கிக்கொண்டு வெளியே வந்து, சற்றுத் தள்ளி நின்று உண்பதே சரி. காய்கறிகள் தரையில் குவிந்திருக்கும் உழவர் சந்தைக்கும் இதே நியாயம் பொருந்தும்: நாயின் மூக்கும் பின்காலும் எட்டும் உயரத்தில்தான் அங்கே எல்லாமே இருக்கின்றன.

ஆறாம் படி: வெயிலைப் பார்த்துக் கிளம்புங்கள்

சேலத்துக் கோடை நாய்க்குக் கொடியது. காற்றின் வெப்பம் 35 டிகிரியாக இருக்கும்போதே வெயிலில் கிடக்கும் தார்ச்சாலை 55 டிகிரியைத் தாண்டிவிடும். புறங்கையைச் சாலையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாத இடத்தில் நாயால் நடக்க முடியாது. மார்ச் தொடங்கி ஜூன் வரை காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஆறரைக்குப் பின்பும்தான் செவலைக்கு வெளியுலகம். போணிக்குப் பிறகு போக வேண்டும், வெயிலுக்கு முன் திரும்ப வேண்டும் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கோடையில் நாயோடு கடைக்குப் போக மாலை ஒன்றே மிஞ்சுகிறது.

“ஐந்தே நிமிடம்” என்று சொல்லி நாயைக் காருக்குள் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காரின் உள்வெப்பம் பத்து நிமிடத்திலேயே பத்து டிகிரி வரை ஏறிவிடும். கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பது போதாது. நாயின் இயல்பான உடல்வெப்பம் ஏறக்குறைய 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் இன்னும் விரைவில் துவண்டுவிடும். நாக்கு செக்கச் சிவந்து, எச்சில் கெட்டியாக வழிந்து, நடை தள்ளாடினால், நிழலுக்கு எடுத்துச் சென்று, உடல் முழுதும் சாதாரணக் குளிர்நீரை ஊற்றி விசிறிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் விரையுங்கள்.

வழியில் தெருநாய்களின் எல்லைகள் வரும். அவற்றின் முன் நம் நாயை இழுத்துக்கொண்டு போவது வீணான சண்டைக்கு இடம் கொடுக்கும். எந்தத் தெருவில் எந்தக் கூட்டம் என்பதை முதலில் தனியாக நடந்து தெரிந்துகொண்டு, சுற்றுவழியானாலும் சண்டையில்லாத வழியைத் தேர்ந்தெடுங்கள்.

ஏழாம் படி: கடைக்குள்

கிளம்பும் முன் வீட்டருகே மலமும் சிறுநீரும் கழிக்க வைத்துவிடுங்கள். ஆண்நாய் கடை வாசல் தூணைக் கண்டால் காலைத் தூக்கும் என்பதை மறக்காமல், வாசலை நெருங்கும்போதே கயிற்றைச் சுருக்கிப் பிடித்து நேராக உள்ளே நடத்துங்கள். கோலத்தின் மேல் நடத்தாதீர்கள். மீறிச் சிறுநீர் கழித்துவிட்டால் கடைப் பையனைக் கூப்பிடாமல், உங்கள் பையிலுள்ள துணியாலும் வினிகர் நீராலும் நீங்களே துடைத்துவிட்டு, கடைக்காரரிடம் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். வாசனை போகாவிட்டால் அடுத்த நாய் அதே இடத்தில் கழிக்கும்.

உள்ளே நடைவழியை அடைக்காத ஒரு மூலையில் கோணிப்பையை விரித்துப் படுக்க வையுங்கள். சுவருக்கும் உங்கள் காலுக்கும் நடுவே நாய் இருப்பது நல்லது. கயிற்றை நாற்காலியிலோ கதவிலோ கட்டாதீர்கள். இருவராகப் போனால் ஒருவர் நாயை மட்டுமே கவனிக்கட்டும், மற்றவர் வாங்கட்டும். முதல் சில முறை பத்து நிமிடத்துக்கு மேல் தங்க வேண்டாம். நாய் அமைதியாக இருக்கும்போதே கிளம்பிவிடுவதுதான் அடுத்த முறைக்கான முதலீடு.

நாயைக் கண்டு அஞ்சுபவரிடம் “ஒண்ணும் பண்ணாதுங்க” என்று சொல்வதை நாம் எல்லாருமே நிறுத்த வேண்டும். அவருக்கு ஒருமுறை கடி விழுந்து, ஊசிக்கு அலைந்த நினைவு இருக்கலாம். அவருக்கும் நாய்க்கும் நடுவே நீங்கள் வந்து நில்லுங்கள். கடை சிறிதாக இருந்தால் அவர் வாங்கி முடிக்கும்வரை வெளியே போய் நில்லுங்கள். ஓடிவரும் பிள்ளையை அன்போடு நிறுத்தி, “கண்ணு, அப்படியே நில்லு, அதுவா உன்கிட்ட வரட்டும்” என்று சொல்லிக் கொடுங்கள். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டால் தொட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

தொழுகைக்குப் புறப்படும் இஸ்லாமியர் உடையில் நாயின் எச்சில் பட்டால், அவர் அதைக் கழுவித் தூய்மை செய்தாக வேண்டும். கார்த்திகையில் மாலை போட்டவர்கள், ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி விரதமிருப்பவர்கள் ஆகியோரும் தூய்மையைப் பெரிதும் போற்றுகிறவர்கள். வைரவரின் வாகனம் நாய்தானே என்று விளக்கம் சொல்லும் இடம் அதுவன்று. ஒதுங்கி வழிவிடுவதே மரியாதை. ஆடித் திருவிழா நாட்களில் கோட்டைப் பகுதியிலும் கடைவீதியிலும் மேளமும் வேட்டும் ஓயாது என்பதால், அந்த நாட்களில் நாயை அங்கே அழைத்துச் செல்லாதிருப்பது நாய்க்கும் நல்லது.

தின்பண்டத்தில் கவனம் வேண்டும். நாயின் மேல் பிரியப்பட்டு யாராவது தட்டுவடை செட்டில் ஒன்றை நீட்டினால், அதில் துருவிய கேரட், பீட்ரூட்டோடு வெங்காயமும் இருக்கும். வெங்காயமும் பூண்டும், பச்சையானாலும் வெந்ததானாலும், நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அறிகுறி தெரியவே சில நாளாகும். பாயசத்துத் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த கோழியெலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். “அதுக்கு வயிறு சரியில்லீங்க்கா, டாக்டர் கொடுக்க வேண்டாம்னு சொல்லியிருக்காரு” என்று சொன்னால் கொடுப்பவர் மனமும் நோகாது.

எட்டாம் படி: ஏற்காட்டுக்குப் போவதென்றால்

மலைப்பாதையே முதல் சோதனை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். நாய்க்கும் தலைசுற்றி வாந்தி வரும். கிளம்புவதற்கு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு முன்பே உணவை முடித்துவிட்டு, வழியில் நீர் மட்டும் சிறிது கொடுங்கள். ஹார்னஸை இருக்கைப் பட்டையோடு இணையுங்கள். மடியிலோ, தலையை வெளியே நீட்டிக்கொண்டோ வரக்கூடாது. ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் நாயை நிறுத்தி வளைவில் திரும்புவது இருவர் உயிரோடும் விளையாடுவதாகும்.

வளைவுகளின் ஓரத்தில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும் இடங்களில் நாயை இறக்காதீர்கள். குரங்கு கூட்டமாக எதிர்க்கும். நாய் துரத்தினால் அடுத்த வளைவில் வரும் பேருந்து அதற்குத் தெரியாது. லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் போன்ற காட்சிமுனைகளில் கயிற்றைக் கையில் இரு சுற்றுச் சுற்றிப் பிடிக்காமல், கைப்பிடி வளையத்தில் மணிக்கட்டை நுழைத்து உள்ளங்கையில் இறுகப் பற்றுங்கள். பள்ளத்தை நோக்கி நாய் இழுத்தால் விரல் நெரியாமல் தாங்க முடியும்.

ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் வெயில் உறைக்காது என்பதால், கீழே மாலையில் மட்டுமே செய்ய முடிந்ததை இங்கே பகலிலும் செய்யலாம். ஆனால் இங்கே வேறு ஆபத்துகள் உண்டு. ஏரிக்கரைக் கடைகளில் வீட்டுச் சாக்லேட் விற்கிறார்கள். அதிலுள்ள தியோபுரோமின் நாய்க்கு நஞ்சு, கசப்பு கூடக்கூட நஞ்சும் கூடும். காப்பித் தோட்டத்துத் தங்குமிடங்களில் உலரப்போட்ட காப்பிக்கொட்டையை நாய் தின்றுவிட்டால் அதிலுள்ள காபீன் இதயத்தைப் பாதிக்கும். களத்தின் பக்கம் கயிறின்றி விடாதீர்கள். தோட்டத்துக்குள் காட்டெருமை வந்துபோகும். நாயின் குரைப்பு அதை உங்கள் மேல் திருப்பிவிடும். காட்டுக்குள் செல்லும் ஒற்றையடிப் பாதைகளுக்கு நாயைக் கூட்டிச் செல்லவே வேண்டாம். நம் நாயின் டிஸ்டெம்பர் காட்டு விலங்குக்கும், காட்டின் உண்ணி நம் நாய்க்கும் தொற்றும். சேர்வராயன் கோயிலுக்குப் போகும்போது நாயைத் தங்குமிடத்தில் ஒருவரோடு விட்டுச் செல்லுங்கள்.

தங்குமிடத்தில் இடம் பிடிக்கும்போதே நாயின் எடை, வயது, குரைக்கும் பழக்கம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். அங்கே ஏற்கெனவே நாய் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் இரண்டையும் தங்குமிடத்தின் வாசலில் சந்திக்க விடாமல், பொதுவான சாலையில் சிறிது தூரம் இணையாக நடத்திவிட்டு உள்ளே அழைத்துச் செல்லுங்கள். படுக்கைக்குச் சொந்தப் போர்வை கொண்டுபோங்கள். மே மாதக் கோடை விழா நாட்களில் நாய்க் கண்காட்சியும் நடத்தப்படுவதுண்டு. அதில் கலந்துகொள்ளவென்றே போனால் ஒழிய, அந்தக் கூட்டத்தில் நாயோடு கடைக்குப் போவதைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

ஒன்பதாம் படி: கடித்துவிட்டால்

பல் பட்டு இரத்தம் கசிந்தாலும் சரி, கீறல் மட்டும் என்றாலும் சரி, வாதத்தை விட்டுவிட்டு உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவச் செய்யுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்க விடாதீர்கள். நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் கடிபட்டவரை அரசு மருத்துவமனைக்கு நீங்களே அழைத்துச் சென்று உடன் இருங்கள். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் தடுப்பூசி போடப்படும். பல் தோலைத் துளைத்த கடியானால், வெறிநோய்க்கு எதிரான ஆயத்த எதிர்ப்புப்பொருளாகிய இம்யூனோகுளோபுலினும் வேண்டும். தடுப்பூசிப் புத்தகத்தின் படத்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நாயைப் பத்து நாள் கட்டிக் கவனித்து, அது நலமாயிருக்கிறது என்பதை அவருக்கு நாள்தோறும் தெரிவியுங்கள். அலைச்சலுக்கும் ஒருநாள் கூலிக்கும் அவர் கேட்கும் முன்னரே நீங்கள் முன்வர வேண்டும். தம் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராமல் தடுக்கத் தவறுபவருக்கு, தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. சட்டத்துக்கு அஞ்சியல்ல, கடிபட்டவர் அன்றிரவு தூங்க வேண்டும் என்பதற்காகவே இதையெல்லாம் செய்ய வேண்டும்.

பத்தாம் படி: வீடு திரும்பிய பின்

பாதங்களை ஈரத்துணியால் துடைத்து, விரலிடுக்குகளில் கல்லோ கண்ணாடிச் சில்லோ இருக்கிறதா என்று பாருங்கள். காதின் உட்புறம், கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் விரலால் தடவி உண்ணி தேடுங்கள். கிடைத்தால் நசுக்காமல், தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். பிறகு நாயைத் தனியே தூங்க விடுங்கள்; புது இடத்தைப் பார்த்து வந்த நாய்க்கு அரைநாள் ஓய்வு வேண்டும். அந்தக் கடைக்கு அடுத்த நாள் நாயில்லாமல் ஒருமுறை போய், “நேத்து ஏதாவது சங்கடமா இருந்துச்சுங்களா?” என்று கேளுங்கள். பாத்திரக்கடைக்கும் நான் அப்படித்தான் போனேன். ஒரு வருடம் கழித்து அவரே, “செவலை எப்படியிருக்குது? கூட்டிட்டு வாங்க, தட்டையெல்லாம் கீழ் அலமாரிக்கு மாத்திட்டேன்” என்றார்.